பதினாலடி வீடும் ஒரு சாக்பீஸும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் என் பாட்டி இருந்த வீட்டுக்கு நான் குடிவந்து ஏழு வருடம் ஆகிறது. வருகிறவர்கள் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பழைய ஓட்டு வீட்டை இடிப்பதா வைத்துக்கொள்வதா என்று யோசிக்கும் சொந்தக்காரர்கள் போனில் கேட்பதும் இவற்றைத்தான். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்துவிட்டேன்.

வீடு எவ்வளவு பெரியது?

அகலம் 14 அடி, நீளம் 60 அடி. ஆக 840 சதுர அடி, முற்றமும் இதில் அடக்கம். கிழக்கு பார்த்த வாசல். திண்ணை, ரேழி (வாசலிலிருந்து கூடத்துக்குப் போகும் நடை), ரேழியை ஒட்டி ஒரு சின்ன அறை (பாட்டி அதைக் 'காமரா உள்' என்பார்), அப்புறம் கூடம். கூடத்துக்குத் தெற்கே 6 அடி அகலத்தில் முற்றம். எங்கள் பக்கத்துப் பேச்சில் மித்தம். இரண்டாங்கட்டில் சமையல், அதற்குப் பின்னால் கொல்லை. வடக்கிலும் தெற்கிலும் பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் என்பதால் பக்கவாட்டில் ஒரு ஜன்னல்கூடக் கிடையாது.

பக்கவாட்டில் ஜன்னலே இல்லாமல் இத்தனை வெளிச்சம் எப்படி?

எல்லாம் மித்தத்தின் வேலை. கும்பகோணம் கிட்டத்தட்ட 11 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை முதல் வாரத்திலும் ஆவணி முதல் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இந்த இரண்டுக்கும் நடுவே, வைகாசி, ஆனி, ஆடியில், அது நமக்குக் கொஞ்சம் வடக்கே போய்விடும். மற்ற மாதங்களில் தெற்கே சாய்ந்திருக்கும்.

எங்கள் தெற்குச் சுவர் 10 அடி உயரம். மார்கழி நண்பகலில் அதன் நிழல் ஏறக்குறைய 7 அடிக்கு விழுகிறது. மித்தமே 6 அடிதான். அதனால் மித்தத்துத் தரை முழுக்க நிழல், வெயில் அதைத் தாண்டிக் கூடத்துக்குள் 5 அடி வரை வந்து படுத்துக்கொள்கிறது. ஆனி மாதத்தில் தலைகீழ். சூரியன் வடக்கிலிருந்து வருவதால் கூடத்து ஓடு குடை பிடித்துவிடும், வெயில் மித்தத்தோடு நின்றுகொள்ளும். குளிர்காலத்தில் உள்ளே, கோடையில் வெளியே. இதைக் கணக்குப் போட்டுத்தான் கட்டினார்களா, பழக்கத்தில் கட்டினார்களா என்று கேட்டால் எனக்குப் பதில் இல்லை. ஆனால் ஏசி இல்லாமல் ஏழு கோடை தாண்டியாயிற்று.

வெளிநாட்டு வீட்டு அலங்காரப் புத்தகங்களில் 'வடக்கு வெளிச்சம் என்றால் நேர் வெயிலே படாத மென்மையான வெளிச்சம்' என்று படித்துவிட்டு வந்து அடம்பிடிப்பவர்கள் உண்டு. அது லண்டனுக்குப் பெரும்பாலும் சரி. நம் ஊரில் கோடை மாதங்களில் வடக்கு ஜன்னலிலும் வெயில் அடிக்கும்.

அலங்காரத்தை எங்கிருந்து தொடங்குவது?

ஒரு சாக்பீஸ் வாங்குங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முதல் வருடம் முழுவதும் மாதம் ஒருமுறை, காலை ஒன்பது, நண்பகல், மாலை நாலு என்று மூன்று வேளை, வெயில் விழும் இடத்தைச் சிவப்புத் தரையில் சாக்பீஸால் சுற்றிக் கோடு போட்டேன். தரை துடைக்கும்போது அழியுமே என்று ஒரு நோட்டிலும் வரைந்து வைத்தேன். ஊரிலிருந்து வந்த அத்தை, "என்னடி இது, அரைகுறைக் கோலம்?" என்றார்.

அந்த நோட்டுத்தான் பிறகு வீட்டையே அடுக்கியது. எங்கே உட்கார்ந்து படிப்பது, எந்தச் சுவரில் படம் மாட்டக்கூடாது, அரிசி வடகம் எங்கே காயும், மடிக்கணினியின் திரை எங்கே தெரியும், எல்லாம் அதில் இருந்தது. குடிவந்த முதல் மாதத்திலேயே சோபா வாங்கிப் போட்டிருந்தால், அதைத் தப்பான இடத்தில் போட்டுவிட்டு இன்றைக்கும் வெயிலைத் திட்டிக்கொண்டிருப்பேன்.

அதற்கு முன் செய்யவேண்டிய வேலைகள் ஏதாவது?

உண்டு, கூரையும் கரண்டும். அழகில் வராத செலவு என்பதால் இதைத்தான் எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள்.

ஓட்டைப் பிரித்து, உளுத்த ரீப்பர்களை மாற்றி, உடைந்த ஓடுகளை எடுத்துவிட்டு மறுபடி வேய்ந்தோம். எங்களுடையது சீமை ஓடு, அதாவது மங்களூர் ஓடு. சிலவற்றின் அடியில் பாசல் மிஷன் (சுவிட்சர்லாந்துக் கிறிஸ்தவ மிஷன்) முத்திரையும் 1865 என்ற வருடமும் இருந்தன. பார்த்ததும் நூற்றைம்பது வருடத்து ஓடு என்று குதித்தேன். பிறகுதான் தெரிந்தது, 1865 மங்களூரில் அவர்கள் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருடம். ஓட்டின் வயது அதில் இல்லை.

பிரித்த கையோடு சமையலறை மேல் நான்கு இடத்தில் அதே அளவில் கிடைக்கும் கண்ணாடி ஓட்டைப் போட்டோம். கிழக்குச் சரிவில் மட்டும். மேற்குச் சரிவில் போட்டால் பிற்பகல் மூன்று மணிக்கு அடுப்படி இன்னொரு அடுப்பாகும். நான்கு போதும். 'இன்னும் நாலு போடலாமே' என்று தோன்றும், போடாதீர்கள்.

வயரிங்கில் பழசு மேல் பாசம் வேண்டாம். ரப்பர் உறை நொறுங்கிய கம்பி, எர்த் இல்லாத பிளக், இரண்டும் ஆளைக் கொல்லும். எல்லாவற்றையும் உருவிப் புதிதாக இழுத்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக நிறுத்திவிடும் சுவிட்ச்) போட்டுக்கொண்டோம். உருண்டையான கறுப்பு பேக்கலைட் சுவிட்சுகள்தான் வேண்டும் என்றால் அந்த மாதிரியில் புதிது கிடைக்கிறது.

சுவருக்கு என்ன பெயிண்ட்?

பெயிண்டே இல்லை, சுண்ணாம்பு. ஆனால் அங்கே வந்துசேர ஒரு தப்பைச் செய்து தாண்டவேண்டியிருந்தது.

முதல் வருடம் ஷேட் கார்டு பார்த்து இளஞ்சாம்பல் நிறத்தில் பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தேன். ஓதம் தெரிந்த இடத்தில் சிமெண்ட் பூசி 'சரி' செய்தார்கள். புரட்டாசி வரை பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஐப்பசி மழை பிடித்ததும் தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்கு அப்பளம் பொரிந்த மாதிரி கொப்புளம். குத்தினால் உள்ளே வெள்ளையாக உப்பு.

நடந்தது இதுதான். சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல் சுவர், அஸ்திவாரத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சி மேலே ஏற்றும். காற்றுப் பட்டால் அந்த ஈரம் தானாக வெளியேறிவிடும். மேலே பிளாஸ்டிக் தோலைப் போர்த்தினால் வெளியேற வழியில்லை. ஈரத்தோடு வந்த உப்பு தோலுக்கு அடியில் படிகமாகி, பெயிண்டையும் பூச்சையும் சேர்த்து நெம்பித் தள்ளுகிறது. சிமெண்ட் பூசினால் ஈரம் இன்னும் மேலே ஏறி வேறு இடத்தில் வெடிக்கும். எங்களுக்கும் அப்படித்தான், மாடப்பிறைக்கு (சுவரில் விளக்கு வைக்கும் குழி) மேலே.

எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப்பிடித்து மறுபடி காரை பூசினோம். அதன் மேல் கிளிஞ்சல் சுண்ணாம்பு. டிரம்மில் தண்ணீர் விட்டு ஊறவைக்கும்போது கொதித்துத் தெறிக்கும், கண் பத்திரம். குழந்தைகளை அந்தப் பக்கம் விடவே கூடாது. ஆறியதைப் பழைய வேட்டியில் வடிகட்டி, ஒட்டுவதற்குக் கொஞ்சம் சோற்றுக்கஞ்சி, பளிச்சென்று இருக்க ஒரு சிட்டிகை நீலம். சுவரை நனைத்துவிட்டு, பால் போல நீர்க்க மூன்று கை. ஒரே கையில் கெட்டியாக அடித்தால் உதிரும். பொங்கலுக்குப் பொங்கல் இன்னொரு கை, அவ்வளவுதான்.

இதில் ஒரு குறை உண்டு, மறைக்கவில்லை. சாய்ந்தால் சட்டையில் வெள்ளை ஒட்டும். அதற்காகத்தான் கூடத்துச் சுவர் அடியில் மூன்றடிக்குக் காவிப் பட்டை. காவியும் கொஞ்சம் ஒட்டும். கறுப்புச் சட்டை போட்டு வருகிறவர்களுக்கு பெஞ்சைக் காட்டிவிடுகிறேன்.

மார்கழி நண்பகலில் சிவப்புத் தரையில் விழும் வெயில் எதிரொளித்து அந்த வெள்ளைச் சுவர் லேசாக ரோஜா நிறமாகும், ஒரு மணி நேரத்துக்கு. சாம்பல் பெயிண்டில் அது அழுக்காகத்தான் தெரிந்தது.

தரையை மாற்றவில்லையா?

கூடத்தில் பாட்டி காலத்து ரெட் ஆக்சைடுதான். விரிசல் இருக்கிறது, இருக்கட்டும். ஆசிட், பிளீச்சிங் பக்கம் போகவே கூடாது. தண்ணீரில் துடைத்துவிட்டு, மாதம் ஒருமுறை துணியில் நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் தேய்த்தால் கண்ணாடி மாதிரி ஆகிறது. அதிகம் விட்டால் வழுக்கும்.

காமரா உள்ளில் தரை பெயர்ந்துபோனதால் அங்கே மட்டும் ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, கலர் சிமெண்டை ஊற்றி, பின்னால் மணலும் சிமெண்டும் அழுத்திக் கையால் செய்வது. சூளையில் சுடுவதில்லை, தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்துகிறார்கள். அந்தப் பளபளப்பு கண்ணாடியிலிருந்து வருவது. மஞ்சளும் புளியும் கறையாகும் என்பதால் சமையலறையில் போடவில்லை. 840 சதுர அடி வீட்டில் எல்லா அறையிலும் பூப்போட்ட கல் பதித்தால் தலை சுற்றும். ஒரு சின்ன அறையில் மட்டும் இருந்தால் கதவைத் திறக்கும்போது ஜமக்காளம் விரித்த மாதிரி தெரிகிறது.

சோபா எங்கே?

இல்லை. 7 அடி அகலக் கூடத்தில் சோபா போட்டால் மனிதர் நடக்கமுடியாது. ஊஞ்சல், முதுகுச்சாய்வு உள்ள ஒரு தேக்கு பெஞ்ச், தாத்தாவின் சாய்வு நாற்காலி. இவ்வளவுதான் நிரந்தரம். மற்றதெல்லாம் சுருட்டி வைப்பவை: பத்தமடைப் பாய் இரண்டு, பவானி ஜமக்காளம் ஒன்று. பத்து பேர் வந்தால் விரிப்போம், போனால் சுருட்டிப் பரணில். சின்ன வீட்டில் தரை காலியாகத் தெரிவதுதான் பெரிய வசதி, வெயிலும் அங்கேதான் வந்து உட்காரவேண்டும்.

சாய்வு நாற்காலிக்கு இடம் மாறிக்கொண்டே இருக்கும். மார்கழியில் மித்தத்துப் பக்கம், பங்குனியில் ரேழிக்கு.

ஊஞ்சல் ஆடும்போது பயமாக இல்லையா?

உத்திரத்தைத் தச்சர் பார்த்துச் சொன்ன பிறகுதான் மாட்டினோம். தேக்கு உத்திரம், கரையான் இல்லை, வளையம் உத்திரத்தைத் துளைத்துப் போய் மேலே நட்டுப் போட்டு இறுக்கியது. வெறும் ஆணி கொக்கியில் தொங்கும் ஊஞ்சலில் நான் உட்காரமாட்டேன்.

பழைய போட்டோக்களை எப்படி மாட்டியிருக்கிறீர்கள்?

இங்கேதான் சாக்பீஸ் நோட்டு நிஜமாகவே காப்பாற்றியது. வெளிச்சம் போட்டோவைத் தின்னும். தின்றது திரும்பி வராது. 1970, 80களின் கலர் கல்யாணப் போட்டோக்கள்தான் ரொம்ப மோசம். நீலம் சார்ந்த சாயம் முதலில் போய்விட்டால், எல்லோரும் செக்கச்செவேலென்று குங்கும அபிஷேகம் ஆன மாதிரி நிற்பார்கள். ஒழுங்காகக் கழுவிய கறுப்பு வெள்ளைப் படங்கள் அவற்றைவிடத் தாக்குப்பிடிக்கின்றன.

ஆகவே சுவரில் இருப்பவை பெரும்பாலும் நகல்கள். அசலை ஸ்கேன் செய்து, அமிலமில்லாத காகிதத்தில் சுற்றி, டிரங்குப் பெட்டியில் வைத்து, காமரா உள்ளில் பூட்டியாயிற்று. வருடம் முழுக்க நேர் வெயிலே படாத ஒரு சுவர் இருக்கிறது, ரேழியின் வடக்குப் பக்கம். அசலாக மாட்டியது அங்கே ஒன்றே ஒன்று: பாட்டி பன்னிரண்டு வயதில், ஸ்டுடியோவின் பூந்தொட்டி ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு, முறைத்தபடி. சட்டத்தின் நான்கு மூலையிலும் பின்னால் சின்னத் தக்கைத் துண்டு ஒட்டிக்கொள்ளுங்கள். சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்றுப் போகும், காகிதம் தின்னும் ராமபாணப் பூச்சி குடும்பம் நடத்தாது.

பழைய வீடுகளில் போட்டோவைக் கூரையை ஒட்டி, முன்னால் சாய்த்து, வரிசையாக மாட்டுவார்கள். எனக்கு அது பிடிக்கும், ஆனால் கழுத்து வலிக்கும். ஊஞ்சலில் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக வரும் உயரத்தில் மாட்டினேன். அதற்குப் பிறகுதான் என் பையன் "இவர் யார்?" என்று கேட்க ஆரம்பித்தான்.

பூஜை மாடத்தில் இருக்கும் லட்சுமி, ரவி வர்மா அச்சகத்துப் படம் என்பது வீட்டில் வழிவழியாகச் சொல்வது. 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் அது. அங்கே அச்சான சாமி படங்கள் எத்தனையோ வீட்டுப் பூஜையறைக்குள் போயின. எங்கள் லட்சுமிக்கு யாரோ ஒரு கொள்ளுப்பாட்டி சமிக்கி ஒட்டிச் சேலை கட்டியிருக்கிறார். ஒரு பக்கம் சமிக்கி கோணலாக இருக்கிறது. 'சரிபண்ணித் தரட்டுமா' என்று கேட்ட சட்டக் கடைக்காரரிடமிருந்து படத்தைப் பிடுங்காத குறையாக வாங்கி வந்தேன்.

தஞ்சாவூர் ஓவியம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கண்ணாடிக்கு வெளியே மட்டும் துடையுங்கள். உள்ளே ஈரத்துணி பட்டால் அடியில் இருக்கும் சுண்ணப்பூச்சு ஊறி, தங்க ரேக்கோடு பெயரும்.

பழைய பொருட்கள் எங்கே வாங்குகிறீர்கள்?

வாங்கியது குறைவு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு இரண்டு தடவை போயிருக்கிறேன். எனாமல் தூக்கு, பீங்கான் ஜாடி, கதவு, தூண், கப்பலில் வந்த கண்ணாடி விளக்கு என்று கடைக்குக் கடை குவிந்து கிடக்கும். முதல் தடவை ஆசையில் ஒரு செதுக்குவேலை நிலைக்கதவை விலை பேசிவிட்டேன். 14 அடி வீட்டு வாசலுக்கு, பெரிய வளவு வீட்டின் கதவு! ஏதோ ஒரு குடும்பத்தின் கல்யாணமும் சாவும் அதைத் தாண்டிப் போயிருக்கும். என் வீட்டில் அது வேஷம் போட்டு நிற்கும். பேரத்தை முடிக்காமல் வந்துவிட்டேன். கடைக்காரருக்குக் கோபம்தான். இரண்டாவது தடவை இரண்டு ஊறுகாய் ஜாடி வாங்கினேன், இரண்டிலும் ஊறுகாய் இருக்கிறது.

வாங்குவதற்கு முன் உங்கள் பரணில் ஏறுங்கள். எங்கள் பரணில் அண்டா, வெந்நீர்த் தவலை, கூஜா, வெற்றிலைப் பெட்டி, மரக்கால், உடைந்த திருகை எல்லாம் கிடைத்தன. இரண்டாங்கட்டில் நெல் கொட்டும் பத்தாயம் ஒன்று காலியாக நின்றது. நிலம் போய் நாற்பது வருடம், நெல் எங்கே வரும்? உள்ளே தட்டு அடித்து, மெத்தை, போர்வை, கொலு பொம்மைகளை வைத்தோம். ஒரு பீரோவே மிச்சம்.

மரச்சாமான் வெளியிலிருந்து வந்தால் ஒரு மாதம் திண்ணையிலேயே நிற்கட்டும். அடியில் வெள்ளைப் பொடி கொட்டினால் வண்டு உயிரோடு இருக்கிறது என்று பொருள். பார்த்தால் உள்ளே ஏற்றாதீர்கள்.

பித்தளைப் பாத்திரங்கள் பளபளவென்று இருக்கவேண்டாமா?

குத்துவிளக்கு மட்டும். நாச்சியார்கோவில் விளக்கு, வெள்ளிக்கிழமை தோறும் புளி போட்டுத் தேய்த்தாகிறது. மற்றவை மங்கலாகவே இருக்கின்றன. காலை வெயில் பட்டால் மங்கிய பித்தளைக்கு ஒரு தேன்நிறம் வருகிறது, பளபளப்பில் அது கிடையாது. (சோம்பேறித்தனத்துக்குச் சாக்கு என்பார் அத்தை.) தவலையில் குடைகள், மரக்காலில் பேனா, கூஜாவில் இன்றைக்கும் குடிதண்ணீர்தான்.

திரைச்சீலை?

தாத்தாவின் எட்டு முழ வேட்டிகள். தெருப்பக்க ஜன்னலில் குறுக்கே ஒரு கம்பி, கரை கீழே வருகிற மாதிரி. வெளிச்சத்தை வடிகட்டி உள்ளே விடும், தெருவில் போகிறவருக்கு உள்ளே தெரியாது. மித்தத்து ஓரம் மூங்கில் தட்டி. அக்னி நட்சத்திரத்தில் வெட்டிவேர் தட்டியை நனைத்துக் கட்டுவோம்.

மழை, கொசு, திருடன்?

மித்தத்துக்கு மேலே இரும்புக் கம்பி வலை உண்டு. கொசுவலை போட்டால் வெளிச்சம் பாதியாகிறது, எடுத்துவிட்டேன். படுக்கையில் மட்டும் வலை கட்டுகிறோம். மழை மித்தத்தில் விழுந்து ஜலதாரை வழியாகக் கொல்லைக் கிணற்றடி உறைக்குழிக்குப் போகிறது. ஐப்பசிக்கு முன் ஜலதாரையை நோண்டிச் சுத்தம் செய்யாவிட்டால் கூடத்தில் தண்ணீர். ஒரு வருடம் மறந்தேன், ஜமக்காளம் மிதந்தது.

டிவி, பிரிட்ஜ், வாஷிங் மெஷின் பழைய வீட்டு அழகைக் கெடுக்கவில்லையா?

கெடுத்தால் கெடுக்கட்டும். பிரிட்ஜ் இரண்டாங்கட்டில் அம்மிக்குப் பக்கத்தில் நிற்கிறது, மேலே முருங்கைக்கீரைக் கட்டு. அதற்கு மரப்பெட்டி செய்து மறைக்கச் சொன்னார்கள். பின்னால் காற்றுப் போகாமல் சூடாகும், தவிர யாரை ஏமாற்றப் போகிறேன்? பாட்டியே 1980களில் மிக்ஸி வாங்கியவர்தான். அதற்குக் குரோஷா உறை பின்னிப் போட்டிருந்தார். உறை இருக்கிறது, இப்போது வைஃபை பெட்டி மேல்.

வாடகை வீடு என்றால் என்ன செய்வது?

சுவரைத் தொடமுடியாது, ஆனால் வெயில் உங்களுடையது. நோட்டுப் போடுங்கள். வேட்டித் திரை, பாய், ஜமக்காளம், உங்கள் வீட்டுப் பாத்திரம் நான்கு, உயரம் பார்த்து மாட்டிய ஒரு படம். இது போதும். வீட்டுக்காரர் சுண்ணாம்பு அடிக்கச் சம்மதித்தால் அடுத்த தடவை ஊர் வரும்போது கொத்தனார் நம்பர் தருகிறேன்.

வீட்டைப் பார்க்க வரலாமா?

தாராளமாக. மார்கழியில் வந்தால் பன்னிரண்டேகால் மணிக்குக் கூடத்தில் இருங்கள், நம் ஊரில் நண்பகல் அப்போதுதான். சுவர் நிறம் மாறுவதைப் பார்த்துவிட்டுச் சாப்பிடலாம். வெயில் விழும் இடத்தில் அன்றைக்கு அத்தை வடகம் காயப்போட்டிருந்தால் மட்டும், சுற்றிக்கொண்டு வாருங்கள்.